வெர்னி ஜங்ஷனை மூடியது யார்? ஊரில்லாத ஒரு சந்திப்பைப் பற்றிய இழை

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 2

லண்டன் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் பழைய வரைபடம் ஒன்றில், வடமேற்கு மூலையில் வெர்னி ஜங்ஷன் என்ற பெயரைப் பார்த்தேன். பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து ஐம்பது மைலுக்குமேல் தள்ளி இருக்கிறது. இன்றைய வரைபடத்தில் தேடினால் வயல்களும் சில வீடுகளும்தான் தெரிகின்றன. நகர ரயில் கம்பெனி ஒன்று இவ்வளவு தூரம் போய் வயலுக்கு நடுவே நின்றது மடத்தனம் என்றும், 1960களில் பிரிட்டிஷ் ரயில்வேத் தலைவராக இருந்த பீச்சிங் அதை மூடியது சரிதான் என்றும் நினைக்கிறேன். மறுப்பவர்கள் உண்டா?

பிப்ரவரி 2, இரவு

இரண்டையும் மறுக்கிறேன். முதலில் எளிதானதைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் பீச்சிங்கின் அறிக்கை வெளிவந்தது 1963 மார்ச்சில். அதில் மூடவேண்டியவை என்று பட்டியலிடப்பட்ட பாதைகளுள், வெர்னி ஜங்ஷன் வழியாகச் சென்ற ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் பாதை இல்லை. அந்த நிலையத்திலிருந்து பிரிந்த பாதைகளில் முதலாவதாக எய்ல்ஸ்பரிப் பாதையில் பயணிகள் வண்டி நின்றது 1936 ஜூலையில். அப்போது பீச்சிங் ரயில்வேக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இளம் விஞ்ஞானி. இங்கிலாந்தில் மூடப்பட்ட கிராமத்து நிலையம் எதைப் பார்த்தாலும் அவர் தலையில் பழியைப் போட்டுவிடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. அவர் செய்தவை போதாதென்று, செய்யாதவற்றையும் அவர் கணக்கில் எழுதுகிறோம்.

இரண்டாவது கூற்று சற்றுச் சிக்கலானது. மெட்ரோபாலிட்டன் கம்பெனி அந்தப் பாதையைக் கட்டவில்லை. வேறொருவர் கட்டியதை 1891-இல் விலைக்கு வாங்கியது. எனவே வயலுக்கு நடுவே ஒரு சந்திப்பு ஏன் வந்தது என்ற கேள்வியை லண்டனில் கேட்பதைவிட அந்த வயலின் சொந்தக்காரரிடம் கேட்பதே முறை. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

வயலின் சொந்தக்காரர் சர் ஹாரி வெர்னி. பக்கிங்ஹாம்ஷயரில் கிளேடன் என்ற பெயரையுடைய சிற்றூர்கள் பல அடுத்தடுத்து உள்ளன: ஸ்டீப்பிள் கிளேடன், மிடில் கிளேடன், ஈஸ்ட் கிளேடன், போட்டால்ஃப் கிளேடன். இவற்றைச் சுற்றியிருந்த நிலத்தின் பெரும்பகுதி வெர்னி குடும்பத்துடையது. மிடில் கிளேடனில் உள்ள கிளேடன் ஹவுஸ் அவர்களுடைய மாளிகை. சர் ஹாரி நெடுங்காலம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ரயில் வந்தால் தம் பகுதியின் வேளாண்மை செழிக்கும் என்று உண்மையாகவே நம்பியவர். ரயிலை எதிர்த்த நிலக்கிழார்களைப் பற்றிய கதைகளே நமக்கு அதிகம் சொல்லப்பட்டுள்ளன. இவர் எதிர்ப்பக்கம் நின்றவர்.

1850 மே மாதம் பிளெட்ச்லியிலிருந்து பக்கிங்ஹாம் வழியாகப் பான்பரிக்குப் பக்கிங்ஹாம்ஷயர் ரயில்வே திறக்கப்பட்டது. அந்தப் பாதையிலிருந்து கிளேடன் வயல்களின் நடுவே ஒரு கிளை பிரிந்து, அதே ஆண்டு அக்டோபரில் இஸ்லிப் வரையிலும், 1851 மே 20 அன்று ஆக்ஸ்ஃபோர்டு வரையிலும் சென்றது. லண்டனில் மாபெரும் கண்காட்சி தொடங்கியிருந்த நேரம் அது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் போவார்கள் என்று கம்பெனிக்கு அவசரம். ஆக, இரு பாதைகள் பிரியும் இடம் 1850-லேயே உருவாகிவிட்டது. ஆனால் அங்கே நிலையம் எதுவும் இல்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆள் இல்லாத இடத்தில் நிலையம் எதற்கு என்று அன்றைய கம்பெனி கருதியது. அந்தக் கருத்து தவறு என்று சொல்ல எனக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

நிலையம் வந்தது 1868 செப்டம்பர் 23 அன்று. எய்ல்ஸ்பரி–பக்கிங்ஹாம் ரயில்வே என்ற சிறிய கம்பெனி தெற்கிலிருந்து பன்னிரண்டு மைலுக்குச் சற்றுக் கூடுதலான ஒரு பாதையைக் கட்டிக்கொண்டுவந்து இந்த இடத்தில் சேர்த்தது. கம்பெனியின் பெயரில் பக்கிங்ஹாம் இருக்கிறதே தவிர, அதன் தண்டவாளம் பக்கிங்ஹாமைத் தொடவே இல்லை. அங்கே போக விரும்பியவர் வெர்னி ஜங்ஷனில் இறங்கி வேறொரு கம்பெனியின் வண்டிக்கு மாறவேண்டும். சுற்றுவட்டாரத்தில் நிலையத்துக்குச் சூட்டத் தகுந்த ஊர்ப்பெயர் எதுவும் இல்லாததால் நிலக்கிழாரின் குடும்பப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 3, பின்குறிப்பு

ஊர் எங்கே என்று கேட்டவருக்கு: நிலையத்துக்குப் பிறகுதான் வீடுகள் வந்தன. ஊழியர்களுக்கான வீடுகள் சிலவும், எதிரே வெர்னி ஆர்ம்ஸ் என்ற விடுதியும் எழுந்தன. இன்று அந்தச் சிற்றூரின் பெயரும் வெர்னி ஜங்ஷன்தான். சந்திப்பு போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஊர்ப்பலகையில் அது நிற்கிறது.

பிப்ரவரி 6

அந்தச் சிறிய கம்பெனியின் தலைவர் யார் என்பதை வேண்டுமென்றே முன்பு சொல்லாமல் வைத்திருந்தேன். சென்னைவாசிகளுக்கு அது தனியாகச் சொல்லத் தகுந்த செய்தி. அவர் ரிச்சர்டு டெம்பிள் கிரென்வில், மூன்றாம் பக்கிங்ஹாம் டியூக். 1875 முதல் 1880 வரை மதராஸ் மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். நம் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் கொடுத்த அதே மனிதர்.

இவருடைய தந்தை, இரண்டாம் டியூக், கடனில் மூழ்கி 1848-இல் ஸ்டோ மாளிகையின் பொருள்களையெல்லாம் ஏலத்துக்கு விட்டவர். ஏலம் நாற்பது நாள் நடந்தது. மகன் அந்தச் சரிவிலிருந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்த உழைப்பையே நம்பினார். முப்பது வயதில், 1853-இல், அன்றைய பிரிட்டனின் மிகப் பெரிய ரயில் கம்பெனிகளுள் ஒன்றான லண்டன்–வடமேற்கு ரயில்வேக்குத் தலைவரானார். 1861 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பிரபுக்கள் பெயருக்குத் தலைமை வகித்த காலத்தில் இவர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்.

எய்ல்ஸ்பரி–பக்கிங்ஹாம் ரயில்வேக்கு நாடாளுமன்ற அனுமதி கிடைத்தது 1860-இல். தலைவர் தங்கள் ஆள் என்பதால் வடமேற்கு ரயில்வே இந்தக் குட்டிக் கம்பெனிக்குத் துணை நிற்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 1861-இல் தந்தை இறந்து இவர் டியூக் ஆனார். ரயில்வேத் தலைமையை விட்டார். அத்துடன் வடமேற்கு ரயில்வேயின் அக்கறையும் வற்றியது. பணம் திரட்ட முடியாமல் இழுத்து இழுத்து எட்டு ஆண்டுகளில் பாதையைக் கட்டிமுடித்தார்கள். திறந்த நாளில் ஓட்டுவதற்குச் சொந்த வண்டி இல்லை. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி எஞ்சினும் பெட்டிகளும் கொடுத்து ஓட்டியது.

டியூக் ஒரு பக்கம், சர் ஹாரி ஒரு பக்கம். இருவர் நிலங்களுக்கும் நடுவே ஓடிய பாதை அது. என் கருத்து இதுதான்: வெர்னி ஜங்ஷன் எந்த ஊரின் தேவைக்காகவும் பிறக்கவில்லை. இரு நிலக்கிழார்களின் நம்பிக்கையும் ஒரு பெரிய கம்பெனியின் கைவிரிப்பும் சந்தித்த புள்ளியில் அது பிறந்தது.

பிப்ரவரி 7

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, டியூக்கை நான் தேவைக்குமேல் உயர்த்திவிட்டதாக ஒரு நண்பர் கடிந்துகொண்டார். 1876–78 பெரும் பஞ்சத்தின்போது மதராஸை ஆண்டவர் அவரே என்று நினைவூட்டுகிறார். நியாயமான நினைவூட்டல், ஆளுநராக அவரை அளப்பது இந்த இழையின் வேலை இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். பஞ்சத்தின் தொடக்கத்தில் மதராஸ் அரசு தானாகவே தானியம் வாங்கிக் குவித்தது; வைசிராய் லிட்டனின் அரசுக்கு அது பிடிக்கவில்லை; சந்தை தன் வழியில் போகட்டும் என்பது அவர்கள் கொள்கை. பிறகு நிவாரண வேலைக்கான கூலி குறைக்கப்பட்டதும், இலட்சக்கணக்கானோர் மடிந்ததும் நாம் அறிந்தவை.

அந்த நிவாரண வேலைகளுள் ஒன்றுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டிய கால்வாய். வடக்கே எண்ணூர்ப் பக்கம் 1806-லேயே தொடங்கிய பழைய கால்வாய் இருந்தது, தெற்கேயும் நீட்டப்பட்டது, 1878-இல் முழுவதற்கும் டியூக்கின் பெயர் வந்தது. நான் மயிலாப்பூரில் வளர்ந்தவன். அந்தக் கால்வாயின் மேல் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் எழும்பியபோது, ரயில் கம்பெனித் தலைவர் ஒருவர் பெயரால் அழைக்கப்படும் நீரின் மேல்தான் ரயிலை ஓடவிடப்போகிறார்கள் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் எய்ல்ஸ்பரிக்குக் குடிவந்த பிறகே தெரிந்தது.

பிப்ரவரி 7, இன்னொன்று

கிளேடன் ஹவுஸுக்கும் இந்தியாவுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. சர் ஹாரி 1858-இல் மணந்துகொண்ட பார்தெனோப்பி, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா. தங்கையும் பின்னாளில் அடிக்கடி கிளேடனில் வந்து தங்கினார். அவர் தங்கிய அறையை இன்றும் காட்டுகிறார்கள். இந்தியாவுக்கு ஒருபோதும் வராமலே இந்தியப் பாசனத்துக்காகவும் சுகாதாரத்துக்காகவும் பல்லாண்டுகள் எழுதியவர் அவர். பொறியாளர் ஆர்தர் காட்டனின் பாசனத் திட்டங்களுக்கு ஆதரவாக நின்றவர். இனி இந்தியாவை விட்டு நிலையத்துக்குத் திரும்புகிறேன்.

பிப்ரவரி 11

மெட்ரோபாலிட்டன் ஏன் வாங்கியது? ஒரே பெயர்: சர் எட்வர்டு வாட்கின். ஒரே காலத்தில் மெட்ரோபாலிட்டனுக்கும், மான்செஸ்டர் பக்கத்து ரயில்வே ஒன்றுக்கும், கென்ட் பக்கம் கடற்கரை வரை ஓடிய தென்கிழக்கு ரயில்வேக்கும் தலைவராக இருந்தவர். ஆங்கிலக் கால்வாயின் அடியில் சுரங்கம் தோண்டத் தொடங்கி, அரசாங்கம் தடுத்து நிறுத்தியதால் கைவிட்டவரும் அவரே. இந்த மூன்று கம்பெனிகளையும் ஒன்றுடன் ஒன்று கோத்துவிட்டால் மான்செஸ்டரிலிருந்து பாரீஸ் வரை தம் பாதையிலேயே போகலாம் என்பது அவர் கணக்கு. பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து வடக்கே நீண்ட தண்டவாளம் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

1891 ஜூலையில் எய்ல்ஸ்பரி–பக்கிங்ஹாம் ரயில்வே மெட்ரோபாலிட்டன் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு மெட்ரோபாலிட்டனின் சொந்தப் பாதை லண்டனிலிருந்து எய்ல்ஸ்பரியை எட்டியது. அந்தப் பழைய ஒற்றைப் பாதை இரட்டையாக்கப்பட்டு, 1897-இல் பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து வெர்னி ஜங்ஷனுக்கு வண்டி மாறாமல் வரமுடிந்தது. உலகின் முதல் சுரங்க ரயில் கம்பெனி பசுக்கள் மேயும் புல்வெளியின் நடுவே தன் கடைசி நிலையத்தை வைத்திருந்த கதை இப்படித் தொடங்குகிறது. கேள்வி கேட்ட வாசகர் மடத்தனம் என்றார். 1891-இல் நின்று பார்த்தால் அது மடத்தனமில்லை. வடக்கு நோக்கிய பெரும்பாதையின் ஒரு நுனி.

பிப்ரவரி 12

இருந்தாலும் வாசகருக்குப் பாதி வெற்றியாவது கொடுக்கவேண்டும் என்று இன்று தோன்றுகிறது. வாட்கினின் மான்செஸ்டர் பக்கத்துக் கம்பெனி, கிரேட் சென்ட்ரல் என்று பெயர் மாற்றிக்கொண்டு லண்டனுக்கு வந்தபோது, மெட்ரோபாலிட்டன் பாதையில் இணைந்த இடம் வெர்னி ஜங்ஷன் அன்று. அதற்கு ஏறத்தாழ ஆறு மைல் தெற்கே, குவெய்ன்டன் ரோடு நிலையத்தின் அருகே அது இணைந்தது. 1899 மார்ச்சில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியதும், பெரும்பாதை குவெய்ன்டன் ரோட்டிலேயே வடக்கே திரும்பிவிட்டது. மிச்சமிருந்த ஆறு மைல், கிரான்பரோ ரோடு, வின்ஸ்லோ ரோடு என்ற இரண்டே நிலையங்களுடன், இரட்டைத் தண்டவாளத்துடன், வேலையில்லாமல் நின்றது. இரட்டையாக்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வெர்னி ஜங்ஷனின் முடிவு 1899-லேயே எழுதப்பட்டுவிட்டது என்பேன். மூடுவதற்கு நாளாயிற்று, அவ்வளவுதான்.

வாட்கின் இதைப் பார்க்கும் நிலையில் தலைவராக இல்லை. உடல்நலம் கெட்டு 1894-லேயே பொறுப்புகளை விட்டிருந்தார்.

பிப்ரவரி 15

புல்மன் என்ற சொகுசுப் பெட்டிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆம், உண்மைதான். 1910 ஜூனில் மெட்ரோபாலிட்டன் இரண்டு புல்மன் பெட்டிகளை ஓடவிட்டது. ஒன்றின் பெயர் மேஃபிளவர், இன்னொன்றின் பெயர் கலாட்டியா. 1886-இல் அமெரிக்கக் கோப்பைக்குப் போட்டியிட்ட இரு பாய்மரப் படகுகளின் பெயர்கள். சாய்வு நாற்காலி, விளக்கு வைத்த மேசை, காலையில் சிற்றுண்டி, இரவில் நாடகம் பார்த்துத் திரும்புவோருக்கு விருந்து. சில வண்டிகளில் இந்தப் பெட்டிகள் வெர்னி ஜங்ஷன் வரை வந்தன. எய்ல்ஸ்பரியைத் தாண்டிய பிறகு அவற்றில் யார் உட்கார்ந்திருந்திருப்பார்கள் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கிளேடன் ஹவுஸுக்கு விருந்தாளி போனால் உண்டு. இல்லையென்றால் பரிசாரகர் மட்டும்.

மின்மயமாக்கம் இந்தப் பக்கம் வரவில்லை. 1925 முதல் ரிக்மன்ஸ்வொர்த்தில் மின் எஞ்சினைக் கழற்றி நீராவி எஞ்சினை மாட்டுவார்கள். அதற்கு வடக்கே கடைசிவரை நீராவிதான்.

பிப்ரவரி 16

பக்கத்து நிலையங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று சொன்னவர் சரியாகச் சொன்னார். குவெய்ன்டன் ரோட்டிலிருந்து மேற்கே பிரில் வரை டியூக் கட்டிய டிராம் பாதை தனி வேடிக்கை. பெரும்பாலும் சொந்த நிலத்திலேயே போனதால் நாடாளுமன்றச் சட்டம் கேட்காமலே 1871–72-இல் கட்டினார். முதலில் குதிரை இழுத்தது. பிறகு சாலை உருளை செய்யும் கம்பெனியிடமிருந்து ஓர் எஞ்சின் வந்தது. அதன் வேகம் நடப்பவனை அவ்வளவாக அவமானப்படுத்தவில்லை. இந்தப் பாதையும் 1899-இல் மெட்ரோபாலிட்டன் வசமாகி, 1933-இல் லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தின் தலையில் விழுந்தது.

அந்த வாரியத்தை இங்கே கவனிக்கவேண்டும். லண்டனின் பேருந்து, டிராம், சுரங்க ரயில் அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர 1933 ஜூலையில் அமைக்கப்பட்ட பொது நிறுவனம் அது. தலைவர் ஆஷ்ஃபீல்டு பிரபு, நிர்வாகத்தில் ஃபிராங்க் பிக். நகரத்தின் அன்றாடப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த வந்தவர்கள், மெட்ரோபாலிட்டனைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு கிராமத்து டிராமும் ஐம்பது மைல் தொலைவில் ஒரு புல்வெளிச் சந்திப்பும் இருந்தன. 1935 நவம்பர் 30-உடன் பிரில் பாதை நின்றது. 1936 ஜூலை முதல் வாரத்துடன் எய்ல்ஸ்பரிக்கும் வெர்னி ஜங்ஷனுக்கும் இடையே பயணிகள் வண்டி நின்றது. சரக்கு மட்டும் 1947 வரை ஓடியது; இடையில் இரட்டைப் பாதையும் மீண்டும் ஒற்றையாகியிருந்தது.

இந்த முடிவில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. லண்டன்வாசிகளின் கட்டணத்தில் வின்ஸ்லோ ரோட்டுக்கு வெறும் வண்டி ஓடவேண்டுமா? அந்த நிலையத்திலிருந்து வின்ஸ்லோ ஊர் இரண்டு மைல். ஊருக்குள்ளேயே பிளெட்ச்லிப் பாதையில் வேறொரு நல்ல நிலையம் இருந்தது.

பிப்ரவரி 20

மேலே எழுதியதை அப்படியே விட்டால், நான் மூடல்கள் அனைத்துக்கும் ஆதரவாளன் என்று ஆகிவிடும். ஆகவே 1936-க்குப் பிந்தைய கதையைப் பிரித்துச் சொல்கிறேன். லண்டன் வண்டி போன பிறகும் வெர்னி ஜங்ஷன் முப்பது ஆண்டுகளுக்குமேல் உயிரோடு இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் வண்டிகள் அங்கே நின்று போயின. பக்கிங்ஹாம், பான்பரி போகிறவர்கள் இங்கே வண்டி மாறினார்கள். இந்த முப்பது ஆண்டுகள்தான் அந்த நிலையம் மக்களுக்குப் பயன்பட்ட காலம் என்பது என் எண்ணம். புல்மன் பெட்டி வந்த நாள்களைவிட, சந்தை நாளில் பக்கிங்ஹாம் போகும் ஒரு குடும்பம் குறுக்குப் பாலத்தில் ஏறி இறங்கிய நாள்கள் எனக்குப் பெரியவை.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தக் குறுக்குப் பாதைக்குத் தனி மதிப்பு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் கேம்பிரிட்ஜிலிருந்தும் நேராக வந்திறங்கக்கூடிய இடத்தில் இருந்ததும், லண்டன் பெரும்பாதை அங்கே குறுக்கிட்டதும், பிளெட்ச்லி பார்க்கை எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பணிக்குத் தேர்ந்தெடுக்கக் காரணங்களாக இருந்தன. 1940-இல் கிரேட் சென்ட்ரல் பாதையில் உள்ள கால்வர்ட்டிலிருந்து கிளேடன் பக்கம் இந்தப் பாதைக்கு ஓர் இணைப்பு போட்டார்கள். சரக்கு வண்டிகளுக்கு அதன் பிறகு வெர்னி ஜங்ஷன்–குவெய்ன்டன் ரோடு பழைய பாதை தேவைப்படவில்லை. 1947 முடிவுக்கு இதுவே பின்னணி.

பிப்ரவரி 21

பக்கிங்ஹாம் பாதையில் நடந்த ஒரு சோதனையைப் பற்றி எழுத மறந்தால் இழை நிறையாது. 1956-இல் பிரிட்டிஷ் ரயில்வே, டார்பியில் கட்டிய இரண்டு ஒற்றைப் பெட்டி டீசல் வண்டிகளை இந்தப் பக்கம் அனுப்பியது. எஞ்சினுக்குத் தனி ஆள், கரி அள்ளத் தனி ஆள் என்ற செலவு இல்லை. பக்கிங்ஹாமுக்கும் பான்பரிக்கும் இடையே ராட்கிளைவ், வாட்டர் ஸ்டிராட்ஃபோர்டு என்ற இரு சிறு நிறுத்தங்களையும் புதிதாகத் திறந்தார்கள். பயணிகள் பெருகினார்கள், வருவாய் கூடியது, நட்டம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் நட்டம் முற்றிலும் தீரவில்லை. எனவே 1960-இன் கடைசி நாளோடு பான்பரிப் பகுதியையும், 1964 செப்டம்பரில் பக்கிங்ஹாம் பகுதியையும் நிறுத்தினார்கள்.

தொலைவில் இருந்து பார்க்கும்போது எனக்கு உறுத்துவது இந்தச் சோதனையின் அளவுகோல்தான். நட்டம் குறைந்ததா என்று கேட்டிருந்தால் விடை ஒன்று. நட்டமே இல்லையா என்று கேட்டதால் விடை வேறு. சாலை போடுவதற்கு அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பிப்ரவரி 27

இப்போது வாசகரின் 1960களுக்கு வருகிறேன். ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் பாதையை 1955-இன் நவீனமாக்கல் திட்டம் கைவிட நினைக்கவில்லை. லண்டனைத் தொடாமல் சரக்கைச் சுற்றிவிடும் வளையமாக அதை மாற்ற எண்ணியது. அதற்காகப் பிளெட்ச்லியில் பெரும்பாதைக்கு மேலே கான்கிரீட் மேம்பாலம் ஒன்று கட்டினார்கள். வெர்னி ஜங்ஷனுக்கும் பிளெட்ச்லிக்கும் இடையே ஸ்வான்போர்னில் பெரிய சரக்குப் பிரிப்புத் தளம் வரவிருந்தது. மேம்பாலம் வந்தது, தளம் வரவில்லை. எந்த வளையத்துக்காகப் பாலம் கட்டினார்களோ அந்த எண்ணமே சில ஆண்டுகளில் மாறிவிட்டது. திருமண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்ன வீட்டைப் போல அந்தப் பாலம் பல்லாண்டுகள் நின்றது.

பயணிகள் வண்டி கடைசியாக ஓடியது 1967 டிசம்பர் 30, சனிக்கிழமை. பிளெட்ச்லிக்கும் பெட்ஃபோர்டுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் தப்பித்து இன்றும் ஓடுகிறது. வெர்னி ஜங்ஷன் அன்றோடு முடிந்தது. அதே 1967-இன் ஜனவரி 23 அன்றுதான் மில்டன் கீன்ஸ் புதுநகரம் அறிவிக்கப்பட்டது. பிளெட்ச்லியை உள்ளடக்கி, இரண்டரை இலட்சம் மக்களுக்கான நகரம் என்று திட்டமிடப்பட்டது. ஜனவரியில் ஓர் அரசுத் துறை நகரத்தை அறிவிக்கிறது. டிசம்பரில் இன்னோர் அரசுத் துறை அந்த நகரத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போகும் பயணிகள் வண்டியை நிறுத்துகிறது. மடத்தனம் என்ற சொல்லை எங்கேயாவது பயன்படுத்தியே தீரவேண்டும் என்றால், மெட்ரோபாலிட்டனை விட்டுவிட்டு இங்கே பயன்படுத்துங்கள்.

மார்ச் 4

போய்ப் பார்த்ததுண்டா என்று கேட்பவர்களுக்கு: பார்த்திருக்கிறேன், பாதை புதுப்பிக்கப்படுவதற்கு முன்பும் பின்பும். 1993-இல் பிளெட்ச்லிப் பக்கம் சரக்கும் நின்றபின் தண்டவாளத்தைப் பெயர்க்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். முதலில் நான் போனபோது தண்டவாளங்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கும் மேலே மரங்கள் வளர்ந்திருந்தன. நிலைய அதிபர் வீடு தனியார் குடியிருப்பாக இருந்ததால் சாலையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். என்னைக் கவர்ந்தது இடத்தின் அகலம். ஒரு பக்க நடைமேடையும் ஒரு தீவு நடைமேடையும் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் இடமும் இருந்த அளவு, சுற்றிலும் உள்ள வேலிகளின் வளைவில் தெரிந்தது. பெரிய நகரத்துச் சந்திப்புக்கு வேண்டிய நிலத்தை ஒதுக்கிவிட்டு நகரத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

பார்ப்பதற்கு உருப்படியாக ஏதாவது வேண்டுமென்றால் குவெய்ன்டன் ரோட்டுக்குப் போங்கள். அங்கே பக்கிங்ஹாம்ஷயர் ரயில்வே மையம் இருக்கிறது. நான் அடிக்கடி போவது அங்கேதான். 1851-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கட்டிய ரியூலி ரோடு நிலையத்தின் கட்டடத்தையே பிரித்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மாபெரும் கண்காட்சியின் பளிங்கு மாளிகையைக் கட்டிய ஒப்பந்தக்காரர்களின் வார்ப்பிரும்பு வேலை அது. வெர்னி ஜங்ஷன் வழியாகப் போன வண்டிகள் ஆக்ஸ்ஃபோர்டில் போய் நின்ற நிலையம் இப்போது வெர்னி ஜங்ஷனுக்கு ஆறு மைல் தொலைவில் இருக்கிறது.

மார்ச் 5

பெயரைப் பற்றி விட்டுப்போன ஒன்று. சர் ஹாரியின் பிறவிக் குடும்பப் பெயர் வெர்னி இல்லை, கால்வர்ட். கிளேடன் சொத்து வந்தபோது 1827-இல் பெயரை மாற்றிக்கொண்டார். கிரேட் சென்ட்ரல் தன் புதிய பாதையில் அவர் நிலத்தின் அருகே ஒரு நிலையம் கட்டியபோது, அதற்குக் கால்வர்ட் என்று பெயர் வைத்தது. ஆக, ஒரே மனிதருக்குப் பழைய பெயரில் ஒரு நிலையம், புதிய பெயரில் ஒரு நிலையம். கால்வர்ட்டில் பயணிகள் வண்டி நின்றது 1963 மார்ச்சில். அதுவும் பீச்சிங் அறிக்கை வெளிவருவதற்குச் சில நாள் முன்பு. பாவம் பீச்சிங்.

மார்ச் 19

மீண்டும் திறப்பார்களா என்பதே இப்போது அதிகம் கேட்கப்படுகிறது. பாதை திரும்பிவிட்டது: கிழக்கு–மேற்கு ரயில் திட்டத்தின் கீழ் பிஸ்டருக்கும் பிளெட்ச்லிக்கும் இடையே புதிய இரட்டைத் தண்டவாளம் போடும் பணி 2024-இல் முடிந்தது. பிளெட்ச்லி மேம்பாலத்தின் பெரும்பகுதியை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். வின்ஸ்லோவில் புத்தம்புதிய நிலையம் எழுந்துள்ளது. பயணிகள் வண்டி இன்னும் தொடங்கவில்லை. கால்வர்ட் அருகே இந்தப் பாதையை அதிவேக ரயிலான எச்எஸ்2 கடக்கிறது. ஆனால் அங்கே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற நிலையம் கிடையாது. வாட்கின் இருந்திருந்தால் இதற்காகவே மூன்று கம்பெனிகளின் கூட்டத்தைக் கூட்டியிருப்பார்.

வெர்னி ஜங்ஷனுக்குத் திட்டத்தில் நிறுத்தம் இல்லை. இருக்கவும் வேண்டியதில்லை: அங்கே சில வீடுகள்தான் உள்ளன, வின்ஸ்லோ அடுத்த நிலையம், கிளேடன் சிற்றூர்களிலிருந்து காரில் வருபவர்கள் வின்ஸ்லோவுக்கே போவார்கள். எய்ல்ஸ்பரிக்கு ஒரு கிளை வரவேண்டும் என்ற கோரிக்கை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. எய்ல்ஸ்பரியில் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அது வந்தாலும் டியூக்கின் 1868 பாதையில் குவெய்ன்டன் ரோடு வரைதான் வரும், வெர்னி ஜங்ஷனுக்கு வராது. அதைத் தாண்டி, 1940-இல் போர்க்காலத்தில் போட்ட கால்வர்ட் இணைப்பின் பக்கமாகவே வரும்.